பின்னால் வரும் காரணங்கள்

பரிசோதனைக்கூடம் தரும் காகிதத்தில் ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படும் மனிதர்கள் இருக்கிறார்கள். என் உறவில் ஒரு பெண்மணி. எழுந்து குளிப்பதற்கே பாதிப் பகல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்த மாதங்களுக்குப் பிறகு, டி.எஸ்.எச். அளவு கூடியிருக்கிறது என்று தெரிந்த அன்று மாலை சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்: "தைராய்டாம். அதான் இப்படி இருந்திருக்கு." அதுவரை அவர் காதில் விழுந்தவை வேறு. சும்மாவே உட்கார்ந்திருந்தால் இப்படித்தான், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வா, உனக்கு என்ன குறை. அந்தப் பேச்செல்லாம் ஒரே நாளில் நின்றது. மாமியாரே அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். தைராய்டு சுரப்பு குறைந்தால் மனம் மந்தமாகும், சிலருக்குப் புத்தியே பேதலிக்கும் என்பதை லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1949-இல் 14 நோயாளிகளைக் கொண்டு எழுதிக் காட்டியிருக்கிறார். ஆகவே அந்தப் பெண்மணியின் நிம்மதிக்கு நியாயம் உண்டு. என்னை உறுத்திக்கொண்டிருப்பது, அதே மாலையில் அவர் வீட்டுப் பேச்சிலிருந்து காணாமல்போன விஷயங்கள். விற்கப்பட்ட வீடு, பேசாமல்போன அக்கா, கணவரின் கடன். இவை நேற்றுவரை அவருடைய சோகத்துக்குக் காரணங்களாக இருந்தன. இன்று யாரும் அவற்றைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பழி நீங்கியது நல்லதுதான். பழியோடு சேர்த்து அந்தக் காரணங்களையும் யார் எடுத்துக்கொண்டு போனது? அந்த எண் சரியாக வந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. "எல்லா டெஸ்டும் நார்மல்" என்று கேட்டுவிட்டு முகம் வாடி வெளியே வருகிறவர்களை எந்த மருத்துவமனை வராந்தாவிலும் பார்க்கலாம்.

காரணங்கள் என்று நாம் நம்புகிறவற்றின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இன்டர்ஃபெரான் பற்றி வாசித்த பிறகுதான். வைரஸ் தாக்கும்போது உடம்பு தானே சுரக்கும் ஒரு புரதம் அது. ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரைகள் வருவதற்கு முன் அதையே ஊசியாக மாதக்கணக்கில் போட்டார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் அதிக அளவில் கொடுத்தார்கள். முதல் நாட்களில் குளிர், காய்ச்சல், மேல்வலி. சில வாரங்கள் கழித்து, கணிசமானவர்களுக்கு, அதற்கு முன் வாழ்நாளில் அப்படி இருந்திராதவர்களுக்கும்கூட, மனச்சோர்வு. 2001-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மெலனோமா நோயாளிகள் 40 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஊசி தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 45 விழுக்காட்டினர் கடுமையான சோர்வில் விழுந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 11 விழுக்காட்டினர். புற்றுநோய் வந்தவன் சோர்ந்துபோக மாட்டானா என்று யாரும் கேட்கலாம். ஆனால் இரு பக்கத்தாருக்கும் இருந்தது அதே புற்றுநோய், அதே பயம், அதே ஊசி. இப்படி ஊசியால் சோர்ந்தவர்கள் வெறுமனே களைத்துக் கிடப்பதில்லை. அழுகிறார்கள், யாரிடமோ செய்த தவறுகளை நினைத்துக் குமைகிறார்கள், இனி எதுவும் இல்லை என்கிறார்கள். சோர்வு முதலில் ரத்தத்தின் வழியே வந்திறங்குகிறது. அதற்குப் பொருத்தமான துக்கத்தை மனம் தன் பழைய பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுக்கிறது. அப்படியானால் நான் சோர்ந்திருக்கும் நாட்களில் எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணங்கள்? அவை முந்தி வந்தவையா, பிந்தி வந்தவையா? உள்ளேயிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம்.

காய்ச்சல் கண்ட நாய் மூலையில் சுருண்டு கிடக்கும். சீக்கு வந்த மாடு மந்தையைவிட்டு ஒதுங்கி நிற்கும், வைக்கோலை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். நோய் அவற்றை வென்றுவிட்டதன் அடையாளமாகத்தான் இதை வெகுகாலம் பார்த்தார்கள். கலிபோர்னியாவின் கால்நடை மருத்துவ விஞ்ஞானி பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் வேறுவிதமாகச் சொன்னார். பசியின்மையும் தூக்கமும் ஒதுங்கலும் உடம்பே வகுத்த திட்டம். காய்ச்சலை எரியவிடுவதற்கு வேண்டிய சக்தியை வேறு எதிலும் செலவழிக்காமல் சேர்த்துவைக்கும் ஏற்பாடு. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களை விடுகின்றன. அந்தச் செய்தி ரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குப் போகிறது. மனநிலையோடு தொடர்புடைய செரோடோனினைச் செய்யத் தேவையான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. அந்தப் பாதையில் உண்டாகும் சில பொருட்கள் நரம்பணுக்களை நச்சரிக்கவும் செய்கின்றன. பிரிட்டனில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டுச் சில மணி நேரம் கழித்துக் கேட்டபோது மனம் சற்றே இறங்கியிருந்தது. ஊசிதான் காரணம் என்று எண்ணுமளவுக்கு அவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை. ஆக, சோர்வு என்பது எங்கோ பழுதானதன் விளைவு மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. வேலை செய்யும் ஓர் ஏற்பாடு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல்போனதாகவும் இருக்கலாம். நம் வீடுகளில் இந்த ஏற்பாட்டுக்கு இடம் இல்லாமல் இல்லை. காய்ச்சல்காரனிடம் ஏன் சிரிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இருட்டு அறை, போர்வை, மிளகு ரசம், நெற்றியில் ஈரத்துணி, பிள்ளைகளிடம் "சத்தம் போடாதீங்க". ஆனால் அந்தச் சலுகைக்குக் கெடு உண்டு. 2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டில் பரவியபோது காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. மூட்டுவலியும் அசதியும் பலருக்கு மாதக்கணக்கில் நின்றன. ரசமும் போர்வையும் காய்ச்சலோடு போய்விட்டன. இரண்டாவது மாதத்தில் விரலை மடக்க முடியாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவருக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி.

உடம்புக்குக் கொடுத்த மருந்து மனத்தைத் தொட்ட கதைகளில் எல்லோரும் சொல்வது 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஸீ வியூ என்ற காசநோய் மருத்துவமனையில் நடந்தது. ஐசோனியாசிட், ஐப்ரோனியாசிட் என்ற இரண்டு புதிய மருந்துகள் அங்கே சோதிக்கப்பட்டன. சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், கூடுதலாகச் சோறு கேட்டார்கள், வார்டில் ஆடினார்கள் என்று பத்திரிகைகள் படத்தோடு எழுதின. ஐப்ரோனியாசிட் எடுத்தவர்களின் உற்சாகம் நுரையீரலில் தெரிந்த முன்னேற்றத்துக்கு ஒவ்வாத அளவுக்கு இருந்ததைக் கவனித்தார்கள். 1957-இல் நேதன் க்ளைன் காசநோய் இல்லாத மனநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பலன் கண்டார். மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகளில் ஒன்று இப்படி நுரையீரலிலிருந்து வந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அந்த ஆட்டத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு பிழைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி என்று யார் பிரித்துச் சொல்வது? இதோடு உடன்பிறந்த மருந்தான ஐசோனியாசிட் சென்னைக்கு வந்த கதை நேர்மாறானது, எனக்கு அதுவே அதிகம் நினைவில் நிற்பது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக உழைத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு: குணமானதில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மலைக்காற்று, ஓய்வு, முட்டை, பால் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட எதையும் அந்தக் கிருமி பொருட்படுத்தவில்லை. மருந்து போனது, கிருமி செத்தது. வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அதற்குத் தேவைப்படவில்லை. அந்தப் பெண்மணியின் குடும்பம் தைராய்டு மாத்திரையில் எதிர்பார்த்தது இந்தச் சேத்துப்பட்டு நிம்மதியைத்தான் என்று தோன்றுகிறது. நாம் எல்லோருமே அதைத்தான் எதிர்பார்க்கிறோம்.

எதிர்பார்ப்பு எப்படி அறிவியலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும் என்பதற்கு ரெசர்பின் ஓர் உதாரணம். சர்ப்பகந்தி வேர் ரத்தக்கொதிப்பைக் குறைக்கும் என்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதி உலகத்துக்குத் தெரிவித்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினைச் சாப்பிட்ட சிலர் சோகமாகிவிட்டதாகக் குறிப்புகள் வந்தன. அது மூளையிலிருக்கும் செரோடோனினையும் நார்அட்ரினலினையும் காலிசெய்கிறது என்றும் தெரிந்தது. போதாதா? பற்றாக்குறைதான் சோகம் என்ற கோட்பாட்டுக்கு அது ஒரு தூணாயிற்று. பிறகு அந்தக் குறிப்புகளைத் திரும்பப் படித்தவர்கள், சோகம் என்று எழுதப்பட்டதில் பாதி வெறும் மயக்கச் சோம்பலாக இருக்கலாம், பலருக்கு முன்பே அந்த வரலாறு இருந்தது என்றார்கள். இதில் வேடிக்கை, 1955-இலேயே லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு ரெசர்பினைக் கொடுத்து, அது உதவியது என்று வெளியிட்டிருந்தார்கள். அந்தத் தாளை யாரும் தூணாக்கவில்லை. சைட்டோகைன்கள் கிளப்பும் அழற்சிதான் மனச்சோர்வு என்று இப்போது கேட்கும் குரல்களிலும் அதே அவசரம் எனக்குக் கேட்கிறது.

இதயத்தின் விஷயத்திலோ அவசரப்படுவதற்கு வலுவான காரணம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். மாண்ட்ரியலில் நான்ஸி ஃப்ரஷர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்புக்குப் பின் படுக்கையில் இருந்த 222 பேரிடம் பேசி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், சோர்வில் இருந்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது; இதயம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும். ஏன் என்பதற்கு விளக்கங்கள் நிறைய. சோர்ந்தவரின் இதயத்துடிப்பில் மூச்சுக்கு மூச்சு இருக்க வேண்டிய ஏற்ற இறக்கம் குறைந்திருக்கிறது, வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்திருக்கிறது. கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் இறங்க மறுக்கிறது. எனக்குப் பிடித்தமானது தட்டணுக்களின் கதை. ரத்தத்தை உறையவைக்கும் அந்தத் துணுக்குகள் செரோடோனினை உறிஞ்சிச் சுமந்து திரிகின்றன. மூளையின் நரம்பணு எந்த வாசல் வழியாக அதை உள்ளே இழுக்கிறதோ அதே வாசல்தான் தட்டணுவிலும். அதனால்தான் மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தம் உறைவது சற்றுத் தாமதப்படுகிறது, ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்க மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். இவ்வளவு அழகான பிணைப்பு இருக்கையில், சோர்வைக் குணப்படுத்தினால் இதயம் பிழைக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் ஏறத்தாழ 2,500 பேரிடம் அதைச் செய்துபார்த்தார்கள். 2003-இல் வந்த முடிவில் உளச்சிகிச்சை பெற்றவர்களின் சோர்வு ஓரளவு குறைந்திருந்தது; சாவு குறையவில்லை. 2008-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆயிரம் இதய நோயாளிகளைத் தொடர்ந்தவர்கள் இன்னும் சாதாரணமான ஒன்றைச் சொன்னார்கள். சோர்ந்தவர்கள் நடப்பதில்லை, உடற்பயிற்சி செய்வதில்லை. அதைக் கழித்துவிட்டால் பிணைப்பில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தட்டணு, வேகஸ், கார்டிசால் என்று இவ்வளவு தூரம் வந்து கடைசியில் 'நடங்க' என்பதா? ஒவ்வொரு கிளினிக்கிலும் இலவசமாகக் கிடைக்கும் சொல் அது. பிறகு மாடு நினைவுக்கு வந்தது. அசையாமல் கிடப்பதுதானே சைட்டோகைன் இடும் கட்டளை. நடக்காதது பழக்கமா, நோயா? விடியலில் மெரினா மணலோரம் ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு வேகநடை போடுகிறவர்களை ஒழுக்கமானவர்கள் என்கிறோம். அவர்களுடைய ரத்தம் அவர்களை நடக்கவிட்டிருக்கிறது என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

சர்க்கரையில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகுகிறது. நீரிழிவுக்காரரின் சிறுநீர் இனிக்கும் என்று எழுதிய 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட துயரத்தையும் அந்த நோயின் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தார். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இன்று சொல்வது: சர்க்கரை உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரு மடங்கு, சோர்வு உள்ளவருக்குப் பிற்பாடு சர்க்கரை வரும் வாய்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு அதிகம். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அழற்சிப் புரதங்களைக் கசியவிடுகிறது, கார்டிசால் ஈரலிலிருந்து சர்க்கரையைத் தள்ளிவிடுகிறது, தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது. சரிதான். ஆனால் சோர்வை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் தயக்கம் வருகிறது. களைப்பாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, பசி மாறியிருக்கிறதா என்பவை அந்தக் கேள்வித்தாளின் வழக்கமான கேள்விகள். சர்க்கரை ஏறிய மனிதர் ராத்திரி மூன்று தடவை கழிப்பறைக்கு எழுந்திருக்கிறார், காலையில் களைப்பு, எந்நேரமும் பசி. மூன்று கேள்விக்கும் ஆமாம். ஒன்றையே இரண்டு பெயரில் எண்ணிவிட்டு இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று வியக்கிறோமோ? முழுக்க அப்படி இல்லை என்பதற்கு, அந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டாலும் எஞ்சும் துயரமே சாட்சி. ஒவ்வொரு இட்லியையும் கணக்குப் பார்த்து, கல்யாண வீட்டுப் பந்தியில் இனிப்பு வரும்போது இலையின் மேல் கையை மறைத்து, "இன்னிக்கு ஒருநாள்தானே" என்று வற்புறுத்துகிறவரிடம் சிரித்துச் சமாளித்து, கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண்ணுக்காகத் தூங்காமல் கிடப்பதற்கு சைட்டோகைனைக் கூப்பிட வேண்டியதில்லை. சென்னையில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்து 2009-இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 15 பேரிடம் மனச்சோர்வு தெரிந்தது. வருமானம் குறைந்தவர்களிடம் அது கூடுதல். வருமானம் எந்த நொதியைத் திருப்பிவிடுகிறது என்று கேட்கவும் இன்று ஆட்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். கேட்டுக் கண்டுபிடித்த பிறகு வாடகை பாக்கி மறுபடியும் பேச்சிலிருந்து காணாமல்போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

2013-இல் எமரியிலேயே இன்னொரு பரிசோதனை நடந்தது. எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வுக்காரர்கள் 60 பேர். பாதிப் பேருக்கு மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து சொட்டுச்சொட்டாக நரம்பில் ஏற்றப்பட்டது, மீதிப் பேருக்கு உப்பு நீர். மொத்தமாகப் பார்த்தால் மருந்து தோற்றது. ரத்தத்தில் அழற்சி அளவு கூடியிருந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது மருந்து உதவியதுபோல் தெரிந்தது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், அதில் தவறில்லை; சோர்வு என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன என்பதற்கு அது நல்ல தடயம். குறைவாகப் பேசப்படுவது மறுபாதி. அழற்சி இல்லாதவர்களிடம் மருந்தைவிட உப்பு நீரே நன்றாக வேலை செய்தது. நாற்காலியில் சாய்ந்து, கையில் ஊசியோடு, யாரோ ஒருவர் வந்து வந்து பார்த்துப்போக, உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன நடந்தது? அதற்கும் ஒரு மூலக்கூறு இருக்கும், இல்லாமல் எப்படி. தேடுகிறவர்கள் குறைவு.

சென்னையையும் சேர்த்து இந்தியாவின் நான்கு சர்க்கரைநோய் மருத்துவ மையங்களில் 404 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை கட்டுக்குள் வராத, மனச்சோர்வும் உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபிரிவினருக்கு, மருத்துவரல்லாத ஒரு பராமரிப்பாளர் பொறுப்பேற்று, மாத்திரை எடுத்தீர்களா, நடந்தீர்களா, மனசு எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து விசாரிப்பார். அவர் சொல்வதை மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் அவ்வப்போது சேர்ந்து உட்கார்ந்து கேட்டு மருந்தை மாற்றுவார்கள். சோர்வு குறைவதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் இரண்டாவது பிரிவில் அதிகம் இருந்தார்கள். பிரமாதமான வித்தியாசம் இல்லை, ஆனால் இருந்தது. படித்து முடித்ததும் வழக்கம்போல என் மனம் பிரிக்கத் தொடங்கியது: குணம் செய்தது மாற்றிய மாத்திரையா, கேட்ட கேள்வியா, கேட்பதற்கு ஒருவர் இருக்கிறாரே என்ற கூச்சத்தில் அந்த மனிதர் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டு வந்ததா? அதைப் பிரித்துச் சொல்லும்படி அந்த ஆய்வு அமைக்கப்படவில்லை. சர்க்கரையையும் துக்கத்தையும் ஒரே ஆளிடம் ஒரே பேச்சில் சொல்ல முடிந்த அந்த நோயாளிகளுக்கும் அந்தப் பிரிவினை தேவைப்பட்டிருக்காது. எனக்கு மட்டும் ஏன் இன்னும் தேவைப்படுகிறது என்று தெரியவில்லை.